முடியாத நாளுக்கு முதலில் திட்டமிடுங்கள்

வாசகி ஒருவர் கேட்கிறார்: "எனக்கு நாலு வருஷமாக முடக்குவாதம். காலையில் விரல் மடங்காது, மதியத்துக்கு மேல் கொஞ்சம் பரவாயில்லை, சில நாள் எழுந்திருக்கவே முடியாது. அதற்கு வாரத்துக்கு ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து எடுக்கிறேன். வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டதால் வருமானமும் குறைந்துவிட்டது. சிக்கனமாக இருக்கலாம் என்று காய்கறியை மொத்தமாக வாங்குகிறேன், பாதி அழுகிப் போகிறது, கடைசியில் வெளியில்தான் வாங்கிச் சாப்பிடுகிறோம். வீட்டில் நான்கு பேர். செலவும் குறைய வேண்டும், உடம்பையும் வருத்தக்கூடாது, அப்படிச் சமைக்க வழி இருக்கிறதா? உறைய வைத்த காய், டின்னில் வரும் பயறு எல்லாம் உடம்புக்குக் கெடுதலா?"

வழி இருக்கிறது. உங்கள் பணம் பெரும்பாலும் காய்கறிக் கடையில் போவதில்லை. உடம்புக்கு முடியாமல் படுத்துவிட்ட மாலையில், நான்கு பேருக்கும் பசிக்கிற நேரத்தில், வேறு வழியில்லாமல் வெளியே சாப்பாடு சொல்கிறீர்களே, அங்கேதான் போகிறது. சிக்கனத்துக்கு என்று சொல்லப்படும் அறிவுரைகளில் பெரும்பாலானவை திடமான உடம்பு உள்ளவர்களை மனதில் வைத்துச் சொன்னவை. மொத்தமாக வாங்கு, நாலு கடை ஏறி இறங்கிப் பார், நறுக்கியதை வாங்காதே, எல்லாவற்றையும் வீட்டிலேயே அரைத்துக்கொள் என்பார்கள். அதில் மிச்சமாகும் ஒவ்வொரு காசுக்கும் உடம்பு உழைக்க வேண்டும். உழைக்கத் தெம்பு இருப்பவருக்கு அது லாபம்தான். உங்களுக்கோ மணிக்கட்டு வீங்கி, அடுத்த இரண்டு நாள் படுக்கை, அப்புறம் மறுபடியும் வெளிச்சாப்பாடு. அதனால் உங்கள் திட்டத்தை முடியாத நாளிலிருந்து தொடங்குங்கள். முடிகிற நாள் எப்படியாவது ஓடிவிடும்.

மொத்தமாக வாங்குவதை ஒரு கணக்கு போட்டுப் பார்த்துவிடுவோம். இரண்டு கிலோவாக வாங்கினால் கிலோவுக்கு 10 சதவீதம் குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் கால் பங்கு அழுகிப் போனால், நீங்கள் சாப்பிட்ட காய்க்குக் கொடுத்த விலை சாதாரண விலையைவிட 20 சதவீதம் அதிகம். பாதி அழுகினால் 80 சதவீதம் அதிகம். தூக்கி வந்த சுமை தனி. அரிசி, பருப்பு, ஓட்ஸ், எண்ணெய் மாதிரி கெடாத பொருளை மட்டும் மொத்தமாக வாங்குங்கள், அதையும் நீங்களே தூக்க வேண்டியிருந்தால் ஒரு கிலோ, இரண்டு கிலோ பைகளாகவே வாங்குங்கள். ஐந்து கிலோ பையைப் பிடித்துச் சாய்த்து டப்பாவில் கொட்டுவது முடக்குவாதம் உள்ள மணிக்கட்டுக்கு வேண்டாத வேலை.

இப்போது முடியாத நாளுக்கான அலமாரிக்கு வருகிறேன். சமையலறையில் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே, குனியாமல் எட்டாமல் எடுக்கிற ஒரு அலமாரித் தட்டை இதற்கென்று ஒதுக்குங்கள். ஃப்ரீசரிலும் ஒரு மூலை. அங்கே வைக்கும் பொருளுக்கு மூன்று நிபந்தனை: கத்தி தேவைப்படக்கூடாது, ஒரே பாத்திரத்தில் பத்து பதினைந்து நிமிஷத்தில் முடிய வேண்டும், நீங்கள் படுத்திருந்தாலும் வீட்டில் இன்னொருவர் செய்யும்படி இருக்க வேண்டும். ஓட்ஸ், வேர்க்கடலை, டின்னில் வரும் பயறு, முட்டை, ஃப்ரீசரில் ரொட்டி (உறைந்த துண்டை அப்படியே சூடான கல்லில் போட்டு வாட்டலாம்), உறைய வைத்த பட்டாணியும் கலவைக் காய்களும், முந்தி சமைத்து உறைய வைத்த பருப்பு. இது போதும், இரண்டு வேளையை நிம்மதியாகத் தள்ளலாம். முட்டையைத் தோலோடு வேகவைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் இருக்கும். கூடவே கட்டில் பக்கத்தில் பிஸ்கெட்டோ வாழைப்பழமோ இருக்கட்டும். சாப்பாட்டுக்குப் பின் போடச் சொன்ன வலி மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு வயிற்றெரிச்சலோடு உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர்.

இந்தத் தட்டில் நல்ல நாளில் கை வைக்கக்கூடாது. எடுத்தால் அடுத்த முறை கடைக்குப் போகும்போது முதலில் அதைத்தான் நிரப்ப வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம். வெளியில் ஒரு வேளை வாங்கும் காசை இதில் போட்டால் பல வேளைக்கு வரும் என்பதை ஒரே மாதத்தில் நீங்களே பார்த்துவிடுவீர்கள்.

உறைய வைத்த காய் கெடுதலா என்று கேட்டீர்கள். இல்லை. பறித்த சூட்டோடு, கொதிநீரில் சற்று நேரம் போட்டு எடுத்து உறைய வைக்கிறார்கள். அந்தக் கொதிநீரில் வைட்டமின் சி கொஞ்சம் போகும், அதற்குப் பிறகு ஃப்ரீசரில் பெரிதாகக் குறையாது. ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் வாடிக் கிடந்த கீரையை எடுத்துச் சமைப்பதைவிட உறைந்த கீரையில் சத்து அதிகமாகவே இருக்கலாம். கழுவி நறுக்கும் வேலை மிச்சம், வேண்டிய கைப்பிடியை எடுத்துக்கொண்டு மீதியை மூடி வைக்கலாம், அழுகாது. உங்கள் நிலையில் இதைத்தான் நான் சிக்கனம் என்பேன். ஒன்றே ஒன்று கவனியுங்கள்: பனி விட்டதும் அப்படியே சாலட்டில் போடாதீர்கள், நன்றாகச் சூடாக்கித்தான் சாப்பிட வேண்டும். 2018-ல் ஐரோப்பாவில் உறைய வைத்த மக்காச்சோளம் வழியாக லிஸ்டீரியா கிருமி பல நாடுகளில் பரவியது தெரியவந்தது. உங்கள் மருந்து நோய் எதிர்ப்பைக் குறைப்பது என்பதால் இதில் அலட்சியம் கூடாது. டின் பயறும் நல்ல உணவுதான், உப்பு மட்டும் அதிகம். டின்னில் இருக்கும் தண்ணீரை வடித்துவிட்டுக் குழாயில் ஒருமுறை அலசினால் உப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். டின் மூடியை இழுத்துத் திறக்க விரல் ஒத்துழைக்காவிட்டால், ஒரு கரண்டிக் காம்பை அந்த வளையத்துக்குள் விட்டு நெம்புங்கள்.

புதிய காயை விட்டுவிட வேண்டியதில்லை. வாங்கும்போதே எது எத்தனை நாள் தாங்கும் என்று பார்த்து வாங்குங்கள். கீரை, வெள்ளரி, காளான் எல்லாம் இரண்டு மூன்று நாளில் தீர்க்க வேண்டியவை, அதில் ஏதாவது ஒன்றுக்கு மேல் ஒரே வாரத்தில் வாங்க வேண்டாம். முட்டைக்கோஸும் கேரட்டும் ஃப்ரிட்ஜில் வாரக்கணக்கில் இருக்கும். வெட்டாத பூசணி வெளியிலேயே மாதக்கணக்கில் தாங்கும், ஆனால் அதை வெட்டும் பலம் உங்கள் கைக்கு இல்லை, வேறு யாராவது வெட்டித் தருவார்கள் என்றால் மட்டும் வாங்குங்கள். உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் இருட்டான, காற்றோட்டமான இடத்தில் தனித்தனியாக வையுங்கள். ஆப்பிளும் வாழைப்பழமும் கீரைக்குப் பக்கத்தில் இருந்தால் கீரை சீக்கிரம் மஞ்சளாகும், அவற்றிலிருந்து வரும் எத்திலீன் வாயுதான் காரணம்.

வீட்டுக்கே கொண்டுவந்து தருவதற்குக் கட்டணம் வாங்குகிறார்களே, அது தண்டச் செலவு என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கடைக்குப் போய் வந்த அசதியில் அன்றைக்குச் சமைக்க முடியாமல் போனால், அந்த ஒரு வேளை வெளிச்சாப்பாடு கட்டணத்தைவிடக் கட்டாயம் கூடுதலாக இருக்கும். கனமான சாமான்களை மட்டும் மாதத்துக்கு ஒருமுறை வரவழைத்துவிட்டு, மீதியைச் சின்னப் பையில் வாங்கலாம். பையை விரலில் தொங்கவிடாமல் முன்கையில் மாட்டிக்கொள்ளுங்கள், அல்லது தோளில். சின்ன மூட்டுக்குக் கொடுக்கும் வேலையைப் பெரிய மூட்டுக்கு மாற்றுவது, மூட்டு நோய்க்குப் பயிற்சி தருபவர்கள் முதலில் சொல்லிக் கொடுக்கிற விஷயம்.

சமையலுக்கு வருவோம். விடுமுறை நாளில் ஒரே மூச்சில் ஒரு வாரச் சாப்பாட்டையும் சமைத்து வைக்கச் சொல்லும் யோசனையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். நல்லா இருக்கிறதே என்று எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு, மறுநாளும் அதற்கு மறுநாளும் படுத்துவிடுவதுதான் நாள்பட்ட நோயாளிகள் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்கிற சுழற்சி. அதற்குப் பதிலாக, எப்படியும் சமைக்கிற நாளில் சமைக்கிற ஒன்றை மட்டும் இரட்டிப்பாகச் செய்யுங்கள். பருப்பு வேகவைக்கிறீர்களா, இரண்டு மடங்கு போடுங்கள். பாதி இன்றைக்கு, பாதி ஃப்ரீசருக்கு. அதைப் பெரிய டப்பாவில் ஒரே கட்டியாக உறைய வைத்தால் பிறகு உடைக்கக் கை வராது, ஒரு வேளைக்கான அளவாகச் சின்ன டப்பாக்களில் வையுங்கள். டப்பாவையும் மூடி சுலபமாகக் கழலுவதாகப் பார்த்து எடுங்கள். நாலு பக்கமும் கிளிப் போட்டு இறுக்குவது உறைந்த பிறகு உங்களுக்குத் திறக்காது.

நறுக்கும் வேலையை உட்கார்ந்து செய்யுங்கள். பலகைக்கு அடியில் ஈரத் துணி விரித்தால் நகராது, அதைப் பிடிக்கவென்று இன்னொரு கை அழுத்த வேண்டாம். மழுங்கிய கத்தி மணிக்கட்டை இன்னும் கெடுக்கும், யாரையாவது தீட்டித் தரச் சொல்லுங்கள். காலை விறைப்பு உள்ளவர்கள் ராத்திரிச் சமையலுக்கான காயை மதியம் நறுக்கி வைத்துக்கொள்ளலாம், பத்து நிமிஷம் செய்துவிட்டு ஓய்வு, அப்புறம் மீதி. கனமான பாத்திரம்தான் பெரிய எதிரி. மூன்று லிட்டர் தண்ணீர் என்றாலே மூன்று கிலோ, அதோடு பாத்திரமும் சேர்ந்தால் கொதிக்கக் கொதிக்கச் சாய்த்து வடிப்பது ஆபத்து. காலிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டுக் குவளையால் தண்ணீர் ஊற்றுங்கள். வேகிற பொருளை ஒரு வடிகூடையில் போட்டு அந்தக் கூடையைப் பாத்திரத்துக்குள் இறக்கிவிட்டால், வெந்ததும் கூடையை மட்டும் தூக்கினால் போதும். தண்ணீர் ஆறட்டும், பிறகு யாராவது கொட்டுவார்கள்.

விலை குறைந்த புரதம் என்றால் பயறும் பருப்பும்தான், காய்ந்த நிலையில் 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம். பெரிய முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம். ராஜ்மாவில் மட்டும் ஒரு எச்சரிக்கை: அரைவேக்காடாகச் சாப்பிட்டால் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிஷம் நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிட்டு, அப்புறமும் மெத்தென்று ஆகும்வரை வேகவைக்க வேண்டும். நிற்க முடியாதவர்களுக்கு ஸ்லோ குக்கர் வசதிதான், ஆனால் அதன் சூடு இதற்குப் போதாது. அதில் போடுவதாக இருந்தால் முதலில் அடுப்பில் கொதிக்க வைத்துவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் டின்னில் வருவதை வாங்குங்கள்.

மீந்ததைப் பத்திரப்படுத்துவதில் மட்டும் நீங்கள் மற்றவர்களைவிடக் கறாராக இருக்க வேண்டும். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள், வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம். ஃப்ரிட்ஜ் 4 டிகிரி செல்சியஸுக்குள், ஃப்ரீசர் மைனஸ் 18. சோற்றில் இன்னும் கவனம் தேவை, அரிசியில் இருக்கும் ஒரு கிருமியின் வித்து கொதித்தாலும் சாவதில்லை, சோறு வெளியில் கிடந்தால் முளைத்து நஞ்சை உண்டாக்கும், அந்த நஞ்சு திரும்பச் சுட வைத்தாலும் போகாது. அகலமான தட்டில் பரப்பி ஆற வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுங்கள், மறுநாளே தீர்த்துவிடுங்கள். மற்ற சமைத்த உணவு மூன்று நாள், நான்கு நாள் தாங்கும். திரும்பச் சுட வைக்கும்போது நடுப்பகுதி வரை ஆவி பறக்க வேண்டும், அதுவும் ஒரே ஒரு முறை. தேதி நெருங்கியது என்று விலை குறைத்து விற்பதை வாங்கலாமா என்றால், தரம் குறையும் தேதி (Best Before) போட்ட பிஸ்கெட், ஓட்ஸ், டின் எல்லாம் தாராளமாக வாங்கலாம். காலாவதித் தேதி (Use By) போட்ட இறைச்சி, மீன், பால் பொருள்களை அந்தத் தேதிக்குப் பின் தொட வேண்டாம், மோந்து பார்த்து முடிவு செய்யவும் வேண்டாம். பச்சை முட்டை, சமைக்காத முளைப்பயறு, காய்ச்சாத பால் மூன்றையும் தவிர்த்துவிடுங்கள்.

இதைப் படிக்கும் மற்ற நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் உப்புக்கு மாற்றாக விற்கும் பொடியை டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள், பலவற்றில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. பயறு எவ்வளவு சாப்பிடலாம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்திவிடக்கூடிய மாத்திரையோ எடுப்பவர்களுக்கு முடியாத நாள் அலமாரி மருந்துப் பெட்டி மாதிரியே அவசியம், ஏனென்றால் ஒரு வேளை தவறினால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம்.

உங்களுக்கு இன்னும் ஒன்று. மெத்தோட்ரெக்சேட் எடுத்த மறுநாள் பலருக்குக் குமட்டலும் அசதியும் இருக்கும். உங்களுக்கும் அப்படி என்றால் அந்தக் கிழமையை முன்கூட்டியே முடியாத நாள் என்று காலண்டரில் குறித்துவிடுங்கள், அன்றைக்குச் சமையல் வீட்டில் மற்றவர்களுடையது. என்ன செய்ய வேண்டும் என்று நாலு வரியில் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டால், முட்டை எங்கே, பட்டாணி எவ்வளவு என்று படுத்திருக்கிற உங்களிடம் வந்து கேட்க மாட்டார்கள். மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். இந்த வாரம் மொத்தமாகக் காய் வாங்கும் காசில் பாதியை எடுத்து அந்தத் தட்டை நிரப்புங்கள், சீட்டை ஒட்டுங்கள். இரட்டிப்புச் சமையலை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.