இந்த வயதில்

அன்புள்ள ஐயா,

மகனைப் பார்க்க டிசம்பரில் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகருக்குச் சென்றிருந்தேன். அருகிலுள்ள சன் சிட்டி என்னும் முதியோர் ஊருக்கு அவன் அழைத்துப் போனான். எழுபது, எண்பது வயதுக்காரர்கள் கோல்ஃப் வண்டிகளில் வண்ண விளக்குகளைச் சுற்றிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். இரவில் ஜோடி ஜோடியாக நடனமாடினார்கள். பிள்ளைகள் கைவிட்ட பாவப்பட்டவர்கள் தனிமையை மறக்க ஆடுகிறார்கள் என்றே தோன்றியது. இந்த வயதில் இதெல்லாம் தேவையா? மதுரை வீட்டை விற்றுவிட்டுக் கோவையில் முதியோர் குடியிருப்பு ஒன்றில் வீடு வாங்க எண்ணியிருந்த நான் இப்போது குழம்பியிருக்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் பரணில் கிடந்த அப்பாவின் பூப்பந்து மட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். பதில் சற்றுக் கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பருத்தி விளைந்த நிலத்தில் டெல் வெப் என்னும் கட்டுமான முதலாளி எழுப்பி, 1960 ஜனவரி 1 அன்று திறந்த ஊர் அது. அந்த வார இறுதியில் மட்டும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வந்து பார்த்தார்கள். யாரும் கொண்டுவந்து தள்ளியவர்கள் அல்லர்; தாமே முடிவெடுத்து, தம் காசைக் கொடுத்து வீடு வாங்கியவர்கள். குளிர்காலத்தில் மட்டும் வந்து தங்குவோர் பலர் மின்னசோட்டாவிலும் கனடாவிலும் சொந்த வீடு உள்ளவர்கள். பனி உறைந்த வாசற்படியில் வழுக்கி இடுப்பெலும்பை முறித்துக்கொள்வானேன் என்று பகலில் இருபது டிகிரி வெயில் அடிக்கும் பாலைவனத்துக்கு வந்து, அங்கே வெயில் நாற்பதைத் தொடும் முன் ஊர் திரும்பிவிடுகிறார்கள். பனிப்பறவைகள் என்றே அவர்களுக்குப் பெயர். வேடந்தாங்கலுக்கு வரும் நாரைகளைப் பார்த்து நீங்கள் ‘பாவம்’ என்பீர்களா? தனிமையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அது கூட்டுக் குடும்பத்திலும் உண்டு, விடுங்கள்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலையில் நானும் அங்கே இருந்தேன். ஒரு முதியவர் பழுப்புக் காகிதப் பைகளின் வாயை இரண்டு விரற்கடை மடித்து, உள்ளே கைப்பிடி மணல் போட்டு, நடுவில் மெழுகுவத்தியை ஊன்றி, நடைபாதை நெடுக வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். முழங்கால் மடங்காததால் ஒரு முக்காலியை நகர்த்தி நகர்த்தி உட்கார்ந்தார். உதவட்டுமா என்று கேட்டேன். பையைத் தராமல் காப்பியைக் கையில் கொடுத்து ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டார்.

என்னைச் சுட்டது உங்கள் கடிதத்திலுள்ள ‘இந்த வயதில்’ என்னும் சொல்தான். ஐம்பத்தெட்டில் ஓய்வு பெற்ற என் அப்பா, மறுவாரமே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருப் பையன்களோடு பூப்பந்து ஆடப் போனார். பெரியம்மா சிரித்தார், எதிர்வீட்டுக்காரர் ஜாடையாகப் பேசினார், அம்மா கூசினார். ‘இந்த வயதில் எதற்கப்பா?’ என்று நானும் கேட்டேன், அதுவும் அவர் நண்பர்கள் முன்னிலையில். அதன்பின் இருபத்திரண்டு ஆண்டுகள் சாய்வுநாற்காலியில் கிடந்து செய்தித்தாளை விளம்பரம் விடாமல் படித்தார். மரியாதை என்ற பெயரில் நாம் கிழவர்களுக்குக் கொடுத்தது அந்த நாற்காலி ஒன்றைத்தான். நீங்கள் அதில் போய் உட்காரத் தயாராகிறீர்கள் என்பதால்தான் இவ்வளவு கோபம்.

அவர்களைக் குறை சொல்லியே ஆகவேண்டுமென்றால் வேறிடத்தில் தேடுங்கள். அவ்வூரில் சிறுவர்கள் விருந்தினராக வந்து போகலாமே தவிரக் குடியிருக்க முடியாது. வட்டாரப் பள்ளிகளுக்குக் கட்டட நிதி திரட்டும் தீர்மானங்கள் வாக்கெடுப்புக்கு வந்தபோது, வரி உயரும் என்று அவற்றை மீண்டும் மீண்டும் தோற்கடித்தவர்கள் இவர்கள். கடைசியில் அந்தப் பள்ளி மாவட்டம் இவ்வூரைத் தன் எல்லையிலிருந்தே விலக்கிக்கொண்டது. அவர்கள் ஆடிய நடனத்தைப் பார்த்து முகம் சுளித்த உங்களுக்கு இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கோவை வீட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள் அல்லவா? மதுரை வீட்டை இப்போது விற்க வேண்டாம். பனிப்பறவைகளைப் போல ஒரு மார்கழி மட்டும் வாடகைக்கு இருந்து பாருங்கள். போகும்போது ஒரு பூப்பந்து மட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள்.