குறைமாதக் குழந்தைக்குப் பால் பீய்ச்சும் தாய்க்கு தளர்வுப் பயிற்சி உதவுமா?

கேள்வி: கொருக்குப்பேட்டையில் ஒரே அறை கொண்ட வீட்டில் வசிக்கிறோம். 30 வாரத்தில் பிறந்த என் மகன், தீவிர சிகிச்சைப் பிரிவில் இன்குபேட்டரில் இருக்கிறான். நான் வீடு திரும்பிவிட்டேன். பீய்ச்சிய பாலைக் கணவர் எடுத்துச் செல்கிறார். மருத்துவமனையிலிருந்து போன் வந்தாலே நெஞ்சு படபடக்கிறது. அதன் பிறகு பால் சொட்டுக்கூட வருவதில்லை. கவலைப்பட்டே பாலை வற்றவைத்துவிட்டேன் என்கிறார் என் மாமியார். மூச்சுப் பயிற்சி பயன்தருமா?

பதில்: பயன்தரும். ஆனால் எதற்குப் பயன்தரும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பால் சுரப்பதும் பால் இறங்குவதும் வெவ்வேறு வேலைகள். சுரப்பதற்குப் புரோலாக்டின் என்ற ஹார்மோனும், இறங்குவதற்கு ஆக்ஸிடோசினும் காரணம். பயம், வலி, பதற்றம் ஆகியவை ஆக்ஸிடோசின் வெளிப்படுவதைச் சிறிது நேரம் தடுத்துவிடுவதால், மார்பில் பால் இருந்தும் அது காம்புக்கு வந்து சேராமல் போகலாம். எனவே உங்களுக்குப் பால் வற்றிவிட்டது என்று இதை வைத்து முடிவு செய்ய முடியாது. ஆயினும், பால் வெளியேறாமல் தேங்கிக்கொண்டே இருந்தால் நாளடைவில் சுரப்பும் குறையும் என்பதால், இதை அலட்சியப்படுத்தவும் கூடாது.

1989-இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வில், உடலையும் மனத்தையும் தளர்த்தும் ஒலிநாடாவைக் கேட்டுவந்த குறைமாதக் குழந்தைகளின் தாய்மார்களுக்கு, கேட்காதவர்களைவிட 63 சதவீதம் கூடுதலாகப் பால் கிடைத்தது. அது சிறிய ஆய்வு. ஒருமுறை பீய்ச்சிய பாலை மட்டுமே அளந்தார்கள். ஆகவே அதே அளவு உங்களுக்கும் கூடும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். செலவும் தீங்கும் இல்லாத முறை என்பதால் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

பீய்ச்சுவதற்கு முன் போனை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். ஒரே அறைதான் என்றால் ஒரு புடவையைத் திரையாகக் கட்டி, சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். மூக்கு வழியாக மூச்சை இழுத்து, இழுத்ததைவிட நீண்ட நேரம் எடுத்து மெதுவாக வெளியே விடுங்கள். ஒவ்வொரு முறை விடும்போதும் தோள்கள், தாடை, கை விரல்கள் என ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். பதற்றத்தில் இருக்கும் தாயின் தோள்கள் காதுவரை ஏறி நிற்பதை அவரே கவனித்திருக்க மாட்டார். குழந்தையைச் சுற்றியிருந்த துணியை மருத்துவமனையில் கேட்டு வாங்கி, முகர்ந்தபடி பீய்ச்சலாம். அவன் படத்தைப் பார்க்கலாம். பாட்டோ தாலாட்டோ எதுவாயினும் ஒவ்வொரு முறையும் அதையே கேளுங்கள். பழகிய பின் அது ஒலித்த உடனே பால் இறங்கத் தொடங்குவது உண்டு. பாட்டிலின் அளவுக்கோட்டைப் பார்த்துக்கொண்டே பீய்ச்ச வேண்டாம், அதன்மேல் ஒரு காலுறையை மாட்டி மறைத்துவிடுங்கள்.

உங்கள் மாமியாருக்கும் இதில் ஒரு வேலை உண்டு. நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து அதன் முதுகில் சாய்ந்துகொள்ளுங்கள். அவர், உங்கள் முதுகெலும்பின் இருபுறமும், கழுத்திலிருந்து தோள்பட்டை எலும்புவரை, இரு கட்டைவிரல்களால் சிறு வட்டங்களாக இரண்டு மூன்று நிமிடம் அழுத்தித் தேய்த்துவிடட்டும். ஆக்ஸிடோசினைத் தூண்ட இது பரவலாகக் கற்பிக்கப்படும் முறை. காசிமேட்டுப் பால்சுறாப் புட்டு செய்து தந்தால் கோபிக்காதீர்கள். ஆனால் பெரிய சுறாக்களில் பாதரசம் அதிகம் என்பதால் அடிக்கடி வேண்டாம், நெத்திலி நல்லது.

இவற்றையெல்லாம்விட வலுவானது கங்காரு பராமரிப்பு. குழந்தையின் நிலை அனுமதிக்குமா என்று மருத்துவரிடம் கேட்டு, அவனை வெறும் மார்போடு அணைத்து வைத்திருங்கள். எழுந்த உடனே அங்கேயே பீய்ச்சுங்கள். அப்போது கிடைக்கும் பாலின் அளவைப் பார்த்துப் பல தாய்மார்கள் வியந்திருக்கிறார்கள்.

பயிற்சி எவ்வளவு செய்தாலும், இரவில் ஒருமுறை உட்பட நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை பீய்ச்சுவதைக் குறைக்கக் கூடாது. கர்ப்பக் கணக்கில் 34 வாரம் அளவில்தான் உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சுவிடுவது ஆகிய மூன்றும் ஒருங்கிணையத் தொடங்கும். அதுவரை உங்கள் மகனுக்குக் குழாய் வழியாகவும், பிறகு பாலாடை எனும் மூக்குள்ள சிறு கிண்ணத்தாலும் பால் தருவார்கள். குடலைத் தாக்கும் கொடிய அழற்சியின் அபாயத்தைத் தாய்ப்பால் குறைக்கும் என்பதால், 5 மில்லி கிடைத்தாலும் அனுப்புங்கள்.

பால் கூட்டும் மாத்திரைகளைக் கடையில் நீங்களே வாங்க வேண்டாம். மார்பு சிவந்து வலியுடன் காய்ச்சல் வந்தாலும், இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையும் தூக்கமின்மையும் நீடித்தாலும், மருத்துவரைப் பாருங்கள். உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.