மார்ச்சுக்குள் கம்ப்யூட்டருக்கு மாறாவிட்டால் கிளினிக் பதிவு போய்விடுமா?

கேள்வி: பாலக்கோட்டில் பல வருடங்களாக கிளினிக் நடத்துகிறேன். தினமும் எழுபது, எண்பது ஓ.பி. எல்லாம் சீட்டும் நோட்டும்தான். "மார்ச்சுக்குள் எங்கள் சாப்ட்வேருக்கு மாறாவிட்டால் கிளினிக் பதிவைப் புதுப்பிக்க மாட்டார்கள்" என்கிறார் ஒரு ஏஜென்ட். "பொறுத்திருங்கள், அரசே இலவசமாகத் தரும்" என்கிறார் நண்பர். அதே கட்டடத்தில் என் மனைவி கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் பார்க்கிறார். எப்போது மாறலாம்?

பதில்: டாக்டர், முதலில் அந்த மார்ச் பயத்தை விடுங்கள். ஏஜென்ட் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷனைச் சொல்லித்தான் மிரட்டியிருப்பார். நோயாளிகளின் மருத்துவ விவரங்களை டிஜிட்டலாக இணைக்க மத்திய அரசு 2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதும் தொடங்கிய திட்டம் அது. நோயாளி அதற்கான 14 இலக்க அடையாள எண்ணை, அதாவது ஆபா எண்ணை, எடுப்பது அவர் விருப்பம்; தனியார் கிளினிக் அதில் இணைவது உங்கள் விருப்பம். நோயாளி விவரங்களை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டியது உங்கள் கடமைதான், ஆனால் இன்ன சாப்ட்வேரை வாங்கு என்று சொல்லும் விதி எதுவும் இல்லை. அடுத்த முறை அந்த ஏஜென்ட் வந்தால், அப்படி அரசாணை இருந்தால் எண்ணும் தேதியும் போட்டு நகல் கொடுங்கள் என்று கேளுங்கள். ஆபா திட்டத்தின் மருத்துவர் பதிவேட்டிலும் மருத்துவ நிலையங்களின் பதிவேட்டிலும் பெயர் சேர்த்துத் தருவதாகச் சொல்லிக் காசு கேட்பவர்களும் சுற்றுகிறார்கள். இரண்டுக்கும் கட்டணமே கிடையாது. உங்கள் செல்போனிலேயே செய்துகொள்ளலாம்.

நண்பர் சொல்வதைக் கேட்டும் காத்திருக்க வேண்டாம். சாப்ட்வேர் இலவசமாக வந்தாலும் அதில் டைப் அடிக்கும் ஆளுக்குச் சம்பளம் நீங்கள்தான் தர வேண்டும். செலவில் பெரும் பங்கு அங்கேதான் போகிறது.

மாறும் நேரம் வந்துவிட்டதா என்று பார்க்க, ஒரு வாரம் உங்கள் ரிசப்ஷனைக் கவனியுங்கள். மாரண்டஅள்ளியிலிருந்து மாதம்மாள் என்று ஒரு சர்க்கரை நோயாளி வருகிறார். நோட்டு வீட்டில் இருக்கிறது. "சின்ன வெள்ளை மாத்திரை, காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்பதுதான் அவருக்குத் தெரியும். உங்களிடமும் பழைய விவரம் இல்லை, மறுபடி ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புகிறீர்கள். இப்படி தினமும் பத்துப் பேர் வந்தால், நீங்கள் மாற வேண்டிய நேரம் ஏற்கெனவே தாண்டிவிட்டது. நோயாளி தன் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ல் வந்த மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது. சீட்டைக் கொடுத்தனுப்பிவிட்டுக் கையில் எதுவும் வைத்துக்கொள்ளாத கிளினிக் எதைத் தரும்? காய்ச்சல், சளி, காயம் என்று ஒரு முறை வந்து போகிறவர்களே உங்களிடம் அதிகம் என்றால் அவசரம் இல்லை.

டெமோ காட்ட வருகிறவரை திங்கட்கிழமை காலை கூட்டத்தில் வரச் சொல்லுங்கள். அவர் டைப் அடிக்கக் கூடாது, உங்கள் ரிசப்ஷன் பெண் அடிக்கட்டும். நம் பக்கத்தில் ஒரே ஊரில் ஐந்து மாதம்மாள், நான்கு முனியம்மாள் இருப்பார்கள். ஒரு வீட்டுக்கே ஒரு செல்போன் நம்பர்தான் இருக்கும். நம்பரைப் போட்டதும் மாமியார், மருமகள் இருவரின் மாத்திரையும் ஒரே பக்கத்தில் கலந்து வந்தால் அந்த சாப்ட்வேர் நமக்கு ஆபத்து. கணவர் அல்லது தகப்பன் பெயர், ஊர் பெயர் இரண்டையும் வைத்துத் தேட முடிய வேண்டும். பிறந்த தேதி இல்லாமல் உள்ளே விடாத சாப்ட்வேரும் வேண்டாம். அப்படி ஒன்றை வாங்கினால் பாதிப் பேருக்கு ஜனவரி 1 என்று பதிந்திருப்பார்கள்.

எல்லாவற்றையும்விட நான் திரும்பத் திரும்பச் சொல்வது, வெளியேறும் வழியை முதலில் பாருங்கள் என்பதுதான். முதல் வருடம் கட்டணத்தைக் குறைத்துக் கொடுப்பார்கள். மூன்றாம் வருடம் ஏற்றுவார்கள். அப்போது கம்பெனியை மாற்ற நினைத்தால் உங்கள் நோயாளிகளின் விவரம் அவர்கள் சர்வரில் இருக்கும். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கிளினிக் இப்படி வெளியே வந்தபோது பெயரும் போன் நம்பரும் மட்டும் ஒரு எக்செல் பைலில் கிடைத்தன; எழுதிக் கொடுத்த மருந்து ஒன்றுகூட வரவில்லை. எனவே அட்வான்ஸ் தருவதற்கு முன்பே இருபது நோயாளிகளைப் பதிந்து, மருந்து, பரிசோதனை முடிவு உட்பட எல்லாவற்றையும் வெளியே எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். விலையின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. மருத்துவச் சேவைக்கு வரிவிலக்கு இருப்பதால் அந்த வரியை நீங்கள் கழித்துக்கொள்ள முடியாது.

லேப் மூலமாகவோ மருந்துக் கம்பெனி ஆள் மூலமாகவோ 'சும்மா' வரும் சாப்ட்வேரைத் தொடவே தொடாதீர்கள். நீங்கள் யாருக்கு என்ன மருந்து எழுதுகிறீர்கள் என்ற விவரம்தான் அவர்களுக்கு வேண்டியது. 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன. முக்கியக் கடமைகள் 2027 மே மாதம் நடைமுறைக்கு வருகின்றன. அந்தச் சட்டத்தின்படி நோயாளிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள், சாப்ட்வேர் கம்பெனி இல்லை.

இனி உங்கள் துணைவியாரின் ஸ்கேன் அறை. நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் பெரிய கவலை. "எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது, பேப்பரே வேண்டாம்" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் இந்த அறைக்கு அது செல்லாது. கருவின் பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994 சட்டத்தின் விதிப்படி, கம்ப்யூட்டரில் பதிந்தாலும் அச்செடுத்து, பொறுப்பாளர் சான்றொப்பமிட்டு, காகிதமாக வைத்திருக்க வேண்டும். கர்ப்பிணி ஸ்கேனுக்கு நிரப்பும் எஃப் படிவத்தில் கர்ப்பிணியின் கையெழுத்து அல்லது கைரேகை வேண்டும். டாக்டரின் உறுதிமொழியும் வேண்டும். குறைந்தது 2 வருடம் பாதுகாக்க வேண்டும். வழக்கு ஏதாவது இருந்தால் அது முடியும் வரை. மாத அறிக்கை அடுத்த மாதம் 5-ம் தேதிக்குள் போக வேண்டும். படிவத்தில் ஒரு கட்டம் விடுபட்டாலும் அது குற்றமாகவே கருதப்படும்; குற்றமில்லை என்று நிரூபிப்பது டாக்டர் பொறுப்பு. இதை எழுத்தர் பிழையாகப் பார்க்கச் சொல்லிக் கேட்டபோது உச்ச நீதிமன்றம் 2019-ல் ஏற்கவில்லை. பாலினம் சொல்லும் கும்பல்கள் பிடிபட்ட மாவட்டம் நம்முடையது, சோதனை கடுமையாகத்தான் இருக்கும். எனவே ஓ.பி. எப்போது மாறினாலும் மாறட்டும், ஸ்கேன் அறையின் பைல் அலமாரி அப்படியே இருக்கட்டும்.

சாப்ட்வேர் வந்தால் அரசுக்கான வேலை குறையும் என்றும் நம்பாதீர்கள். காசநோய் என்றால் நிக்ஷய் என்ற அரசுத் தளத்தில் தனியாகப் பதிய வேண்டும், கர்ப்பிணி என்றால் பிக்மி என்ற அரசுத் தளத்தில் தனியாக. ஒரே பெண்ணின் பெயரையும் முகவரியையும் மூன்று இடத்தில் அடிக்க வைத்துவிட்டு, டிஜிட்டல் ஆகுங்கள் என்று சிறு கிளினிக்குகளை விரட்டுவது எந்த நியாயமும் இல்லாதது. அந்தத் தளங்களை முதலில் ஒன்றோடொன்று பேச வைத்திருக்க வேண்டும்.

உங்களுக்கு என் யோசனை: மழையோடு காய்ச்சல் கூட்டம் வரும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தொடங்கவே வேண்டாம். பொங்கல் கழித்துக் கூட்டம் தணிந்ததும் சர்க்கரை, பிரஷர், தைராய்டு, வலிப்பு நோயாளிகளை மட்டும் பதியத் தொடங்குங்கள். இந்தத் தையில் ஆள் பழகவில்லை என்றால் அடுத்த தை வரை பொறுக்கலாம், எதுவும் கெட்டுவிடாது. பழைய நோட்டுகளை உட்கார்ந்து ஏற்ற வேண்டாம். நோயாளி அடுத்த முறை வரும்போது இப்போது சாப்பிடும் மருந்து, ஒவ்வாமை, கடைசி பரிசோதனை முடிவு இந்த மூன்றை மட்டும் பதிந்தால் போதும். கரண்ட் போனால் எழுத, அச்சடித்த வெற்றுச் சீட்டுக் கட்டு ஒன்று மேஜையிலேயே இருக்கட்டும். அன்று மாலையே அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் பொறுப்பை ஒருவர் பெயரில் கொடுத்துவிடுங்கள்.