அமெரிக்காவில் கொயர் நடத்தப் படிக்க: ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

பாளையங்கோட்டையில் எங்கள் சபையின் பாடகர் குழுவான கொயரை நடத்துகிறேன். பி.எஸ்சி. இயற்பியல் முடித்திருக்கிறேன். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் இசைத் தேர்வில் பியானோ எட்டாம் கிரேடும் உண்டு. அமெரிக்காவில் கோரல் கண்டக்டிங் (கொயர் நடத்தும் கலை) முதுகலை படிப்பவர்களுக்கு அசிஸ்டன்ட்ஷிப் தருகிறார்களாமே? சோல்ஃபா (டோ, ரே, மீ என்று சுரம் எழுதும் முறை) பார்த்துப் பாடி வளர்ந்தவர்களை அங்கே மதிப்பார்களா? போன வருஷக் கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனை வீடியோ அருமையாக வந்திருக்கிறது, அதை அனுப்பலாமா?

வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பி,

கேரல் ஆராதனை வீடியோ வேண்டாம். அதில் கேமரா சபையார் பக்கம் நின்றிருக்கும். கொயரின் முகமும் உங்கள் முதுகும்தான் தெரியும். தேர்வு செய்கிறவர்களுக்கு உங்கள் முகமும் கையும் தெரிய வேண்டும். ஆண்களின் கீழ்க்குரலான பேஸ் பாடுகிறவர்களுக்குப் பின்னால், உங்களைப் பார்த்தபடி கேமராவை வையுங்கள். பாடி முடித்த பாட்டோடு பயிற்சியையும் எடுங்கள். ஒரு பாமாலையின் இரண்டாம் அடியில், பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ சுருதி இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். நிறுத்துகிறீர்கள். ‘சரியாப் பாடுங்க’ என்று சொல்லி மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறீர்களா? இல்லை, ஆல்டோவையும் பேஸையும் மட்டும் அந்த நாலு பாரை (தாளப் பிரிவை) மெதுவாகப் பாடவைத்து, எந்த ‘மீ’ தொய்கிறது என்று காட்டிக் கொடுக்கிறீர்களா? அடுத்த முறை பாடும்போது சரியாகிறதா? அந்த இரண்டு நிமிடத்தைத்தான் அவர்கள் உற்றுப் பார்ப்பார்கள்.

அசிஸ்டன்ட்ஷிப் என்பது சம்பளத்துக்குச் செய்கிற வேலை. பல்கலைக்கழகக் கொயர்களில் ஒன்றுக்குப் பயிற்சி கொடுப்பது, குரல் வாரியாகப் பிரித்துப் பாடவைப்பது, நோட்டுப் பிரதிகளைப் பார்த்துக்கொள்வது, இளங்கலை மாணவர்களுக்கு வகுப்பெடுப்பது என்று வாரத்துக்கு 20 மணி நேரம் வரை போகும். மாணவர் விசாவிலும் பருவம் நடக்கும்போது அதற்கு மேல் வேலை செய்ய முடியாது. பதிலுக்குக் கல்விக் கட்டணத்தை முழுதாகவோ பாதியாகவோ தள்ளுபடி செய்து, கைச்செலவுக்குப் பணமும் தருவார்கள். வீடியோவில் தேறினால், பெரும்பாலும் அவர்களுடைய கொயரையே உங்கள் முன் நிறுத்திக் கால் மணி நேரம் போல நடத்தச் சொல்வார்கள்.

சோல்ஃபாவைப் பற்றித் தயங்கவே வேண்டாம். ஜான் கர்வன் என்ற ஆங்கிலேயப் போதகர் 19ஆம் நூற்றாண்டில் பரப்பிய முறை அது. அமெரிக்க இசைத்துறைகள் பலவற்றில் இன்றும் பார்த்துப் பாடும் பயிற்சி, ஸ்கேலுக்கு ஸ்கேல் இடம் மாறுகிற அதே ‘டோ’வை வைத்துத்தான். உங்களுக்கோ அது சிறுவயதிலேயே ஊறிப்போனது. மைனர் ஸ்கேலை நாம் ‘லா’விலிருந்து பாடுவோம், அங்கே பல இடங்களில் ‘டோ’விலிருந்தே தொடங்கி, மூன்றாவது சுரத்தை ‘மே’ என்பார்கள். கொஞ்ச நாளில் பழகிவிடும்.

நீங்கள் பயப்பட வேண்டியது ஸ்கோர் வாசிப்புக்கு. நாலு குரலும் நாலு வரியாகப் பிரிந்திருக்கும், ஐந்து கோட்டில் எழுதும் ஸ்டாஃப் நொட்டேஷனைப் பார்த்து, அத்தனையையும் ஒன்றாகப் பியானோவில் வாசிக்க வேண்டும். ஆண்களின் மேற்குரலான டெனர் வரி பெரும்பாலும் ட்ரெபிள் கிளெஃபில் (மேல் சுரங்களுக்கான குறியில்) எழுதப்பட்டு, ஓர் ஆக்டேவ் (ஸ்தாயி) கீழே ஒலிக்கும். கிரேடு தேர்வுக்கு மூன்று நாலு துண்டுகளைத் தேய்த்துத் தேய்த்து வாசித்த பழக்கம் இதற்குக் கைகொடுக்காது. தினம் ஒரு பாமாலையை நாலு வரியாகப் பிரித்தெழுதி வாசியுங்கள்.

பாட்டுத் தேர்வில் லத்தீனிலோ ஆங்கிலத்திலோ ஒன்று கட்டாயம் இருக்கட்டும். மற்றது தமிழாகவே இருக்கலாம். 1774இல் நம் நெல்லையில் பிறந்த கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்றை நாலு குரலில் அமைத்துப் பாடவைத்தால், உங்களிடம் வேறு யாரிடமும் இல்லாத சரக்கு இருப்பது தெரியும். எனக்கு அதில் ரொம்ப ஆசை.

இனி, பெரிய தடை. முதுகலைக்குப் பெரும்பாலும் இசையில் இளங்கலைப் பட்டம் கேட்பார்கள். எட்டாம் கிரேடு அதற்கு ஈடாகாது. மூன்று வருஷ டிகிரியை ஏற்காத பல்கலைக்கழகங்களும் உண்டு. விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் அங்குள்ள கொயர் துறைத் தலைவருக்கு எழுதி, இயற்பியல் பட்டத்தோடு வரலாமா, விடுபட்ட இசைப் பாடங்களை அங்கே வந்து முடிக்கலாமா, அடுத்த ஆண்டு அசிஸ்டன்ட் இடம் காலியாகிறதா என்று நேராகக் கேளுங்கள். ஒரு துறையில் அப்படி இரண்டொரு இடம்தான் இருக்கும். இருக்கிறவர் படித்து முடித்தால்தான் அடுத்தவருக்கு வழி.

கெடு பல இடங்களில் டிசம்பர் 1ஐ ஒட்டி வரும். நமக்கோ கேரல் ரவுண்ட்ஸ் நெருக்குகிற நேரம். ஆகஸ்ட், செப்டம்பரிலேயே பதிவை முடித்துவிடுங்கள். இடம் கிடைத்தால், மருத்துவக் காப்பீடும் மாணவர் கட்டணங்களும் யார் தலையில் என்று எழுத்தில் வாங்குங்கள். உடனே பதில் சொல் என்று நெருக்கினால் பதற வேண்டாம்: நிதியுதவியோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை அவகாசம் தருவதாகப் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒப்புக்கொண்டிருக்கின்றன. அந்தப் பட்டியலில் உங்கள் பல்கலைக்கழகம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பதில் போடுங்கள்.