கோலாலம்பூரில் வீட்டுத் தக்காளிச் செடிக்குத் தினமும் எவ்வளவு தண்ணீர் ஊற்றுவது?

நீங்கள் எழுதியிருப்பது: செராஸில் தரை வீடு, வாசலில் நாலைந்து பூச்சட்டிகளில் தக்காளி, காலை மாலை இரண்டு வேளையும் தண்ணீர். அப்படியும் மதியம் இலை தொங்குகிறது, காயின் அடிப்பக்கம் கறுக்கிறது, பழுக்கிற நேரத்தில் வெடிக்கிறது, பூவும் உதிர்கிறது, இன்னும் கூடுதலாக ஊற்றலாமா?

வேண்டாம். மண்ணைக் காயவிட்டு மறுபடி தண்ணீர் பாய்ச்சும் காய்ச்சலும் பாய்ச்சலும் நெல்லுக்குத்தான் சரி, தக்காளிக்கு ஆகவே ஆகாது. அதற்கு வேண்டியது ஒரே சீரான ஈரம். நம் ஊரில் அதைக் கெடுப்பது பெரும்பாலும் நீங்கள் இல்லை, மழை. ஏப்ரலிலும், அக்டோபர் நவம்பரிலும் மதியத்துக்குமேல் இடியோடு கொட்டுகிறதே, நீங்கள் காலையில் ஊற்றியதற்கு மேல் அது ஒரு தடவை ஊற்றிவிட்டுப் போகிறது, அதற்கும் மேல் சாயங்காலம் நீங்கள் ஒரு வாளியோடு வந்தால் வேர் எங்கே மூச்சு விடும்? அதனால் முதல் வேலை, மாலைத் தண்ணீரை நிறுத்துங்கள். காலையில் மட்டும், இலையில் படாமல் தூரில் ஊற்றுங்கள். இரவெல்லாம் இலை நனைந்து கிடந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

எவ்வளவு என்றால், லிட்டர் கணக்கைவிட விரல்தான் நம்பகமானது. மண்ணுக்குள் விரலை இரண்டு கணு ஆழம் விடுங்கள், ஈரம் தட்டினால் அன்றைக்கு ஊற்றவே வேண்டாம். தேங்காய் நார்த்தூள் கலந்த மண்ணில் இது ரொம்ப முக்கியம், மேலே வெளுத்துக் காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே சொதசொதவென்று இருக்கும். காய்ந்திருந்தால் அடித் துளையில் தண்ணீர் எட்டிப் பார்க்கும்வரை மெதுவாக ஊற்றுங்கள். பதினைந்து லிட்டர் சட்டியில் காய் பிடித்து நிற்கும் செடி, நல்ல வெயில் நாளில் ஒன்றரை, இரண்டு லிட்டர் குடிக்கும், மப்பு போட்ட நாளில் அதில் பாதிகூட வேண்டாம். மண் ஒரேயடியாகக் காய்ந்து சட்டியின் ஓரத்தை விட்டு விலகிவிட்டால் ஊற்றுவதெல்லாம் ஓரமாக ஓடிவிடும், அப்போது சட்டியை அப்படியே ஒரு வாளித் தண்ணீரில் அரை மணி நேரம் வைத்து எடுத்தால் சரியாகிவிடும். சின்னச் சட்டி, கறுப்பு பாலிபேக் இரண்டும் சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் காயும். முடிந்தால் பெரிய சட்டிக்கு மாற்றி, மேலே காய்ந்த இலையோ தேங்காய் நாரோ போட்டு மூடுங்கள்.

அப்புறம் மழை. கேமரன் மலையில் தக்காளித் தோட்டங்கள் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அங்கே செய்வதை நாமும் சின்ன அளவில் செய்யலாம். வெயில் வரும் பக்கமாகப் பார்த்து கார் ஷெட்டின் ஓரத்துக்கு நகர்த்துங்கள், இல்லையென்றால் நாலு கம்பு நட்டு மேலே கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் கட்டுங்கள், பக்கமெல்லாம் காற்றுக்குத் திறந்திருக்கட்டும். பழம் வெடிப்பதற்கும் இதுதான் மருந்து. காய்ந்து கிடந்த செடி திடீரென்று தண்ணீரை இழுக்கும்போது உள்ளே சதை பெருக்கிற வேகத்துக்குத் தோல் ஈடு கொடுப்பதில்லை. வானம் கறுத்தால், நிறம் திரும்பிய பழங்களைப் பறித்து வீட்டுக்குள் வைத்துவிடுங்கள், அங்கேயே பழுக்கும்.

காயின் அடி கறுப்பது ஒரு நோய் இல்லை, காயின் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேரவில்லை. அது தண்ணீரோடு ஏறுகிற சத்து, இலைகள்தான் நிறையத் தண்ணீரை இழுக்கும், காய்க்கு மிச்சம்தான். வேர் காய்ந்தாலும் தடைப்படும், தண்ணீரில் மூழ்கிக் கிடந்தாலும் தடைப்படும். முட்டை ஓடு போடச் சொல்லாத ஆள் கிடையாது, ஆனால் அது மட்கிக் கரைவதற்குள் இந்தக் காயெல்லாம் முடிந்துவிடும். யூரியாவைக் குறையுங்கள், ஈரத்தைச் சீராக்குங்கள், அடுத்த காய்கள் சரியாக வரும்.

மதிய வாட்டத்துக்கு வருகிறேன். 33 டிகிரி வெயிலில் தொங்கி, சாயங்காலம் நிமிர்ந்தால் கவலை வேண்டாம், அந்த நேரத்தில் பதறி ஊற்றாதீர்கள். காலையிலும் தொங்குகிறது, மண்ணும் ஈரமாக இருக்கிறது என்றால்தான் பயப்பட வேண்டும். தண்டை அடியில் வெட்டி, ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் நிறுத்திப் பாருங்கள், சில நிமிடத்தில் வெட்டிய இடத்திலிருந்து பால் மாதிரி வெள்ளை இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். தண்ணீர் அதைத் தீர்க்காது, மருந்தும் இல்லை. செடியை மண்ணோடு கட்டி எறியுங்கள், அந்தச் சட்டியின் வடிநீர் பக்கத்துச் சட்டிக்கு ஓடவிடாதீர்கள், அந்த மண்ணில் மிளகாய், கத்தரியும் வைக்காதீர்கள். கத்தரி வேரில் ஒட்டுக் கட்டிய தக்காளி இந்த நோயையும் வெள்ளத்தையும் நன்றாகத் தாங்கும், நாற்று விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள்.

சட்டிக்கு அடியில் தட்டு வைக்கும் பழக்கம் இருந்தால் எடுத்துவிடுங்கள். வேர் அழுகுவது ஒரு பக்கம், ஏடிஸ் கொசு முட்டையிடும் இடம் அது, சுகாதார அதிகாரிகள் வந்து பார்த்தால் அபராதம். தண்ணீர் வெட்டுக்காகப் பிடித்து வைக்கும் தோம்பையும் மூடியே வையுங்கள். பினாங்கு ஆட்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு ஜனவரி, பிப்ரவரி வறட்சி, அப்போது விரல் சோதனையைத் தினமும் செய்யுங்கள்.

பூ உதிர்வதற்கும் தண்ணீருக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. கோலாலம்பூர் இரவு 23, 24 டிகிரிக்குக் கீழே அவ்வளவாக இறங்குவதில்லை, பெரிய தக்காளி ரகங்கள் பல இந்தச் சூட்டில் காய் பிடிக்காது. செர்ரி தக்காளி வையுங்கள், ரசத்துக்கு அது போதும்.