ஹண்டிங்டன் பரிசோதனை: பதில் அம்மாவுக்கும் சேர்த்துத்தான் வரும்

அம்மாவின் அப்பாவுக்கு ஹண்டிங்டன் நோய் (மூளை நரம்புகளைச் சிதைத்து, கை கால்களைத் தானாக ஆடவைக்கும் பரம்பரை நோய்) இருந்தது, அம்மா பரிசோதனையே வேண்டாம் என்கிறார், நியூஜெர்சியில் நான் மட்டும் செய்துகொண்டால் வேலை போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைக்காகப் பயப்படாதீர்கள். 2008இல் வந்த, மரபணுவை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் ஜீனா (GINA) என்ற அமெரிக்கச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ இருக்கும் நிறுவனம் மரபணு முடிவை வைத்து உங்களை நீக்க முடியாது, காப்பீட்டு நிறுவனம் உங்களுக்கு மருத்துவக் காப்பீட்டை மறுக்கவும் முடியாது. ஆனால் ஆயுள் காப்பீடும் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடும் அதற்குள் வராது, அதனால் எடுப்பதாக இருந்தால் ரத்தம் கொடுப்பதற்கு முன்னாலேயே எடுத்துவிடுங்கள், குடும்ப நோய் பற்றிக் கேட்டால் மறைக்காதீர்கள்.

எனக்கு உறுத்துவது அம்மா விஷயம்தான். இந்த நோயின் மரபணு அவருக்கு இருக்க வாய்ப்பு 50 சதவீதம், உங்களுக்கு 25. உங்களுக்கு இருக்கிறது என்று வந்தால் அம்மாவுக்கும் இருக்கிறது என்றுதான் அர்த்தம், அவர் கேட்காமலேயே. நீங்கள் வாய் திறக்காவிட்டாலும், அடுத்த வீடியோ காலில் அவர் கையில் இருக்கும் காபி டம்ளர் ஆடுகிறதா என்று உங்கள் கண் தேடும், அதை அவர் கவனித்துவிடுவார். அதற்காக உங்கள் உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. முதலில் மரபணு ஆலோசகரைப் பாருங்கள், ரத்தம் கொடுத்த பிறகும் முடிவு வேண்டாம் என்று நீங்கள் சொல்லலாம். அப்புறம், அம்மாவிடம் நேராகவே கேட்டுவிடுங்கள்: "என் முடிவு வந்தா உனக்குத் தெரியணுமாம்மா?"