மலையோடைக் கரையில் கூடாரம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டிசம்பர் பள்ளி விடுமுறையில் இரண்டு குடும்பங்களாகச் சேர்ந்து, ஜோகூரில் மலையடிவாரத்து ஓடையை ஒட்டிய சிறிய முகாம் ஒன்றுக்குச் செல்ல எண்ணியுள்ளோம். மின்சாரமும் குழாய்நீரும் இல்லை, கழிவறைக் கொட்டகை ஒன்று மட்டும் உண்டு என்று அதை நடத்துபவர் கூறுகிறார். தண்ணீருக்கு இரண்டடி தள்ளிக் கூடாரங்கள் நிற்கும் படத்தையும் அனுப்பியிருக்கிறார். எட்டு வயதுப் பிள்ளைகள் இருவர் உடன் வருகிறார்கள். எவற்றைக் கவனிக்க வேண்டும்?
வாசகி, ஈசூன்

பதில்: வசதிகள் இல்லாததைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அவற்றையெல்லாம் காரின் பின்பெட்டியில் ஏற்றிச் சென்றுவிடலாம். நான் கவலைப்படுவது நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் மாதத்தைப் பற்றியும், அந்தப் படத்தைப் பற்றியும்தான்.

நம் ஆண்டிறுதி விடுமுறை, வடகிழக்குப் பருவமழை வலுத்துப் பெய்யும் காலத்தோடு சரியாகப் பொருந்தி வருகிறது. ஜோகூரின் கிழக்குப் பகுதியிலும் பகாங்கிலும் ஆண்டின் மிக மோசமான வெள்ளங்கள் பெரும்பாலும் இந்த வாரங்களில்தான் வருகின்றன. எனவே, ஓடைக்கரை முகாமை ஜூன் விடுமுறைக்கு ஒத்திவையுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. அனுப்பிய முன்பணம் திரும்பக் கிடைக்காது என்றாலும் என் ஆலோசனை மாறாது.

ஜூனில் ஆபத்தே இல்லை என்றும் எண்ணிவிட வேண்டாம். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில், யாரும் பருவமழையை எதிர்பாராத நேரத்தில், கெடா மாநிலத்தின் ஜெராய் மலையில் பெய்த கனமழை அடிவாரத்து ஓடைகளில் பாறைகளையும் மரங்களையும் சேற்றையும் உருட்டிக்கொண்டு வந்து உயிர்களைப் பறித்தது. மலேசியர்கள் ‘கெப்பாலா ஆயர்’ என்று குறிப்பிடும் இந்தத் திடீர்க் காட்டாற்று வெள்ளம், நீங்கள் இருக்கும் இடத்தில் ஒரு துளி மழைகூட விழாத போதும் வரக்கூடியது. ஓடை என்பது உங்கள் கண்ணுக்குத் தெரியும் அந்த ஐம்பது மீட்டர் மட்டுமன்று. மேலே பல கிலோமீட்டர் பரப்பிலுள்ள சரிவுகளில் விழும் மழை முழுவதும் வடிந்து வந்து சேரும் ஒரே வழி அதுதான். கைப்பேசியின் வானிலைச் செயலியில் முகாமின் பெயரைத் தட்டிப் பார்த்து ‘வெயில்’ என்றிருப்பதைக் கண்டு நிம்மதியடைவோர் பலர். பார்க்க வேண்டியதோ மலையுச்சியின் வானத்தை.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கரையோரப் புதர்களையும் தாழ்ந்த கிளைகளையும் உற்று நோக்குங்கள். அவற்றில் காய்ந்த சருகும் சுள்ளியும் பிளாஸ்டிக் துண்டுகளும் சிக்கியிருந்தால், முந்தைய வெள்ளம் அந்த உயரம் வரை எட்டியிருக்கிறது என்று பொருள். கூடாரம் அதைவிட நன்கு மேலே, பிள்ளைகள் இருட்டிலும் ஓடி ஏறக்கூடிய மேட்டுக்கு அருகில் இருக்க வேண்டும். ஓடையின் நடுவே உள்ள மணல்திட்டு எவ்வளவு சமதளமாக இருந்தாலும் அதில் படுக்கக் கூடாது. தெளிந்த நீர் திடீரெனக் கலங்குவது, இலைகளும் சிறு கிளைகளும் கூட்டமாக மிதந்து வருவது, நீரின் ஓசை தடித்து ஒலிப்பது ஆகிய மூன்றில் எதைக் கண்டாலும் அடுப்பையும் பையையும் அப்படியே விட்டுவிட்டு மேட்டில் ஏறுங்கள். யார் எந்தப் பிள்ளையின் கையைப் பிடிப்பது என்பதை மாலை வெளிச்சத்திலேயே பேசி முடிவு செய்துவிட வேண்டும்.

மேடு என்றவுடன் செங்குத்தான சரிவின் அடியில் போய் ஒதுங்கிவிடவும் கூடாது. 2022ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் தேதி அதிகாலையில், சிலாங்கூரின் பத்தாங்காலியில் ஒரு பண்ணை முகாமின் மீது மண்சரிந்து, உறங்கிக்கொண்டிருந்தவர்களில் 31 பேர் மாண்டனர். அதுவும் பள்ளி விடுமுறைக் காலம்தான். அந்த இடத்துக்கு முகாம் நடத்த உரிமம் இல்லை என்பது பின்னரே வெளிப்பட்டது. ஆகையால் உங்களுக்குப் படம் அனுப்பியவரிடம் உரிமம் உண்டா, இரவில் பொறுப்பாளர் ஒருவர் தங்குவாரா, வெள்ளம் வந்தால் எந்த வழியாக வெளியேற்றுவார் என்று கேளுங்கள். தண்ணீருக்கு இரண்டடி தள்ளிக் கூடாரம் போடுவதை விளம்பரமாகக் காட்டுபவரிடம் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

மேலே நிமிர்ந்து மரங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்த கிளைகள் தொங்கும் மரத்தடி ஆகாது. ஜூனுக்கு மாற்றினால் டுரியான் பருவமும் சேர்ந்து வரும் என்பதால், டுரியான் மரத்தடி அறவே ஆகாது. பழத்துக்கு ஆசைப்படுவோர் பகலில் கடையில் வாங்கிக்கொள்வதே நலம்.

கேள்வி: மலையோடை நீர் கண்ணாடி போல் தெளிவாக இருக்கிறதே, அதைக் குடிக்கலாமா? வடிகட்டிக் குழாய் ஒன்று வாங்கி வைத்துள்ளேன். குளிப்பதற்கும் பாத்திரம் கழுவுவதற்கும் அதே ஓடையைப் பயன்படுத்தலாமா?
வாசகர், தெம்பனிஸ்

பதில்: குழாயைத் திறந்து அப்படியே குடித்துப் பழகியவர்கள் நாம்; தெளிவும் தூய்மையும் ஒன்றே என்று நினைத்துவிடுகிறோம். காட்டுப்பன்றியும் எலியும் நீர் அருந்தும் அதே ஓடைதான் அது. மலையேறிகள் பயன்படுத்தும் 0.1 முதல் 0.2 மைக்ரான் வரையிலான வடிகட்டிகள் பெரும்பாலான பாக்டீரியாக்களையும் ஒட்டுண்ணிகளையும் தடுத்தாலும், வைரஸ்களைத் தடுப்பதில்லை. எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமியோ, 0.2 மைக்ரான் துளைகளிலும் நுழைந்துவிடும் அளவுக்கு மெலிந்தது. ஆகவே வடிகட்டிய பின் கொதிக்க வையுங்கள். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். குளோரின் மாத்திரையை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி அதற்கு எளிதில் மடிவதில்லை. காரிலேயே சென்றிறங்கும் முகாம் என்றால், குடிநீரை வீட்டிலிருந்து கொண்டுசெல்வதே எளிது.

எலிக்காய்ச்சலைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும், ஏனெனில் நீரைக் குடிக்காதவரையும் அது பற்றும். எலி முதலான விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து, தோலிலுள்ள வெட்டுக்காயம், கண், மூக்கு, வாய் வழியாக அது உடலுக்குள் புகுகிறது. கனமழைக்குப் பின் கரைகளைக் கழுவிக்கொண்டு வரும் நீரில் அபாயம் கூடுதல். காலில் புண் இருப்பவர் இறங்காமல் இருப்பதும், முழுக்குப் போடாமல் இருப்பதும் நல்லது. காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 14 நாள்களுக்குள் தொடங்கும். சிலருக்கு ஒரு மாதம் வரை ஆகலாம். அதற்குள் நீங்கள் வேலைக்குத் திரும்பி, ஓடையையே மறந்திருப்பீர்கள். காய்ச்சல், கடும் தசைவலி, கண் சிவப்பு என்று மருந்தகத்துக்குப் போனால், நம் ஊரில் டெங்கிதான் முதலில் நினைவுக்கு வரும். அதனால் ‘இன்ன தேதியில் மலையோடையில் குளித்தேன்’ என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் சாதாரண நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்கே இது கட்டுப்படும். தாமதித்தால் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கும்.

பாத்திரத்தை ஓடையில் கழுவாதீர்கள். நீரை வாளியில் முகந்து, கரையிலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளிச் சென்று கழுவி, அந்த நீரை மண்ணில் பரவலாக ஊற்றுங்கள். ‘மக்கும் சோப்பு’ என்று அட்டையில் எழுதியிருந்தாலும் இதே விதிதான்; அது மக்குவது மண்ணில், ஓடும் நீரில் அன்று. கழிவறை இல்லாத இடத்தில் அதே 60 மீட்டர் தொலைவில், 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி மூட வேண்டும்.

கேள்வி: மலைக்குப் போகுமுன் பிள்ளைகளைச் சிங்கப்பூரிலேயே பழக்க முடியுமா?
வாசகர், புக்கிட் பாத்தோக்

பதில்: மலைதான் இல்லை, நம் உயரமான புக்கிட் தீமா குன்றே 164 மீட்டரைத் தொடவில்லை. மற்றவற்றைப் பழக்கலாம். ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ் பூங்காக்களில் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி பெற்றுக் கூடாரம் போடலாம். வசதி குறைந்த இரவு வேண்டுமென்றால், சாங்கியிலிருந்து படகேறி புலாவ் உபினின் ஜெலுத்தோங் அல்லது மாமாம் முகாமுக்குச் செல்லுங்கள். குடிநீரைச் சுமந்து செல்வது, இருட்டில் டார்ச் லைட்டோடு கழிவறைக்குப் போவது, குப்பையைத் திரும்பக் கொண்டுவருவது ஆகிய மூன்றும் அங்கேயே பழகிவிடும்.

கேள்வி: டென்வரில் பணிபுரியும் மகன், ஜூலையில் எங்களைக் கொலராடோ மலையில் ஓடையோர முகாம் ஒன்றில் இரண்டு இரவு தங்க வைக்கப் போகிறானாம். ‘வசதி ஒன்றும் இருக்காதம்மா’ என்று சிரிக்கிறான். எனக்கு 61 வயது, கணவருக்கு 66. எங்களால் முடியுமா?
வாசகி, செங்காங்

பதில்: நடமாட்டத்தில் குறையில்லை, இதயமோ நுரையீரலோ தொந்தரவு தரவில்லை என்றால் தாராளமாகப் போய்வாருங்கள். அங்கே இத்தகைய முகாம்களில் பொதுவாக ஒரு மேசை, நெருப்பு மூட்ட இரும்பு வளையம், நீர் ஊற்றாத குழிக் கழிவறை ஆகியவை இருக்கும். குழாய், விளக்கு, குப்பைத்தொட்டி ஆகியவற்றை எதிர்பார்க்க வேண்டாம். பல இடங்களில் காவலர்கூட இருக்க மாட்டார்; கட்டணத்தை உறையிலிட்டு இரும்புப் பெட்டியில் போட்டுவிட வேண்டியதுதான்.

கடல்மட்டத்திலிருந்து போகும் உங்களுக்கு உயரம்தான் முதல் சோதனை. டென்வரே சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மலை முகாம்கள் 2,500 மீட்டருக்கும் மேல் இருக்கக்கூடும். விமானம் இறங்கிய அன்றே ஏறாமல், மகன் வீட்டில் இரண்டு மூன்று இரவுகள் தங்கிவிட்டுச் செல்லுங்கள். தலைவலியும் குமட்டலும் மிகுந்தால் கீழே இறங்குவதே மருந்து. ஜூலையிலும் இரவில் வெப்பநிலை 5 டிகிரி வரை இறங்கக்கூடும். குளிர்ந்த காற்று பள்ளத்தை நோக்கி வடிவதால் ஓடைக்கரை இன்னும் குளிரும். ஈசூன் வாசகிக்குச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும். 1976ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் தேதி மாலை, அதே மாநிலத்தின் பிக் தாம்சன் பள்ளத்தாக்கில் சில மணி நேரத்தில் கொட்டிய மழையால் 140க்கும் மேற்பட்டோர் மாண்டனர். காரில் தப்ப முயன்று சிக்கியவர்கள் அவர்களில் பலர். வெள்ளம் வந்தால் காரை விட்டு மேட்டில் ஏறுங்கள் என்ற அறிவிப்புப் பலகைகளை அதன் பிறகு அங்குள்ள பள்ளத்தாக்குகளில் நட்டார்கள்.

கரடிகள் உலவும் பகுதி என்பதால், ஊறுகாய், பொடி வகைகள் மட்டுமல்லாமல், பற்பசையும் தலைவலித் தைலமும்கூட இரவில் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது. முகாமில் இரும்புப் பெட்டி இருந்தால் அதிலும், இல்லையென்றால் அங்குள்ள விதிப்படியும் வைக்க வேண்டும். சமையலுக்குச் சிறிய பிரஷர் குக்கர் ஒன்றை மகனிடம் சொல்லி எடுத்துவரச் செய்யுங்கள். 3,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு எளிதில் வேகாது. அந்த உயரத்தில் ஓடை நீரையும் ஒரு நிமிடத்துக்குப் பதில் மூன்று நிமிடம் கொதிக்க வைக்க வேண்டும்.